டெக்கில் (தொழில்நுட்பக் கல்லூரியில்) படிப்பித்த சேரைப் பிறகு எங்கே கண்டீர்கள்?

உப்புவெளியான்:
மூன்று கிழமையாக மனதில் கிடந்து அரிக்கிறது, எழுதிவிடுகிறேன். திருகோணமலை உப்புவெளியில் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொள்கிறேன். கடற்கரை வயரிங்கைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. செம்பெல்லாம் பச்சை பூத்துப் போகும், ட்ரிப் சுவிட்ச் நினைத்தபோதெல்லாம் விழும். வழக்கமாக வரும் பெடியன் கட்டாருக்குப் போய்விட்டான். ஹார்ட்வெயார் கடையில் ஒரு வயதான ஆளின் நம்பர் தந்தார்கள். போனில் ஐயாயிரம் கேட்டார். பேரம் பேசி நாலாயிரத்து ஐந்நூறுக்கு இறக்கினேன்.

வந்தவர் மெலிந்த ஆள், நரைத்த தாடி. எனக்கு மட்டுப்படவில்லை. மெயினை இறக்கினார், பழைய பியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார், பையை மேலால் ஒருதரம் தட்டிப் பார்த்தார். அந்தத் தட்டு! 2005இல் டெக் வேர்க்‌ஷொப்பில் எத்தனை நாள் பார்த்தது. "ஆரும் திருப்பிப் போட மாட்டினம் எண்டு நம்பாதே, கட்டை உன்ர பொக்கற்றுக்க இருக்கோணும்" என்பார் எங்கள் சேர்.

ஆறு அறையும் பார்த்து முடிக்க இரண்டரை மணித்தியாலம். "சேர்" என்று கூப்பிட வாய் வரவில்லை. நான் கோர்ஸை இடையில் விட்டு ஓடியவன். கடைசியில் நாலாயிரத்து ஐந்நூறை எண்ணிக் கொடுத்தேன். அந்த ஐந்நூறைக் கூட்டிக் கொடுத்தால் ஏன் என்று கேட்பார், ஆளைப் பிடித்துவிடுவார் என்று பயம். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போனார்.

பாதைக்காரன்:
தம்பி, வேலை செய்து காசு வாங்கிய மனிசனுக்கு நீங்கள் ஏன் பரிதாபப்படுகிறீர்கள்? வயர் வேலை படிப்பித்தவர் வயர் வேலை செய்கிறார். ஓய்வு என்றால் கோயில் வாசலில் குந்தியிருக்க வேண்டுமா? பேரம் பேசியதுதான் பிழை, மற்றதெல்லாம் உங்கள் கற்பனை.

என்னுடையது வேறு மாதிரி. நாங்கள் கிண்ணியாவிலிருந்து பாதையில் (ஆட்களை ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவையில்) வந்து படித்த ஆட்கள். பாலம் 2009இல்தானே வந்தது. பாதை பிந்தினால் வகுப்பும் பிந்தும். இடாப்பில் சிவப்புக் கோடு போட்ட பிறகு போனாலும் எங்கள் லேத் (கடைசல் பொறி) சேர் கோட்டுக்கு மேலே இடம் விட்டு வைத்திருப்பார்.

போன வருசம் மகனைச் சேர்க்க டெக்குக்குப் போனேன். சேர் அங்கே இருந்தார். பென்ஷன் எடுத்தவர், கிழமைக்கு இரண்டு நாள் விசிட்டிங் வருகிறாராம். கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "ஏன் பிந்தி வாறீங்க? பாதை அந்தக் கரையிலயா நிண்டது?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு மெல்லிய பொருளின் தடிப்பை அளக்கும் திருகுக் கணிச்சியை எடுத்தார். என் மகனின் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினார். முதலில் பூச்சிய வழுவை (ஒன்றும் வைக்காதபோதே கருவி காட்டும் பிழையை) பார்க்கச் சொன்னார், பிறகு முடியை வைத்து அளக்கச் சொன்னார். மகன் தடுமாற, தானே வாங்கிப் பார்த்து "பூச்சியம் தசம் பூச்சியம் ஏழு மில்லிமீற்றர்" என்றார். கை துளியும் நடுங்கவில்லை. அப்படியானால் பாதையைப் பற்றிக் கேட்டது பகிடியா, மறதியா? வீட்டுக்கு வரும்போது பாலத்தில் பைக்கை நிறுத்தி யோசித்தேன். இன்னும் தெரியவில்லை.

உவர்மலை மகள்:
பகிடியாகத்தான் இருக்கும். வாத்திமாருக்குப் பழைய பகிடி போகாது.

எங்கள் டைப்பிங் மிஸ் இப்பவும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு விறாந்தையில் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறா. காசு வாங்குவதில்லை. போன மாதம் பார்க்கப் போனபோது கேற் திறந்து கிடந்தது. ஒரு மான் உள்ளே வந்து பிள்ளைகளின் பயிற்சித் தாளைச் சப்பிக்கொண்டு நிற்கிறது. எங்கள் ஊர் மானுக்குப் புல்லை விடப் பேப்பர்தான் பிடிக்கும். மிஸ் எழும்பக்கூட இல்லை. "அது பிழையான தாள், தின்னட்டும்" என்றா. அந்தத் தாளை அடித்த பிள்ளையின் முகம்தான் என் கண்ணில் நிற்கிறது. ஏனென்றால் இருபது வருசத்துக்கு முன்னால் என் தாளையும் இதே குரலில்தான் குப்பைக்கூடைக்குள் போட்டவ.

பென்ஷன்காரன்:
எல்லாரும் வாசிக்க வேண்டிய விசயம் ஒன்று சொல்கிறேன். என் கதை சின்னது: என்னிடம் படித்த ஒருத்தன் வங்கியில் வரிசையை விட்டு என்னை முன்னுக்குக் கூப்பிட்டான், வரிசையில் நின்றவர்கள் ஏசினார்கள். அவ்வளவுதான்.

இப்போது விசயம். அரச ஊழியர்களுக்கு 65 வரை வேலை என்று அறிவித்து ஒரு வருசம் முடிவதற்குள் அதை 60 ஆக்கி, 2022 டிசம்பர் 31இல் அறுபது தாண்டியவர்களை ஒரே நாளில் அனுப்பினார்களே, நானும் அதில் ஒருத்தன். ஐந்து வருசம் இருக்கிறது என்று நினைத்து மகளின் கலியாணத்துக்குக் கடன் எடுத்திருந்தேன். ஆகவே இன்னும் வேலையில் இருக்கும் போதனாசிரியர்மார் கேளுங்கள். தனிப்பட்ட கோவையை இப்போதே பாருங்கள். எந்த வருசச் சம்பள ஏற்றக் கடிதம் இல்லையோ அதைத் தேடி எடுத்துப் போடுங்கள், கடைசி மாதத்தில் ஓடித் திரிய முடியாது. பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதம், அடையாள அட்டையில் ஒருவிதம் என்றால் உடனே திருத்துங்கள். விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம் மனைவிக்குத் தெரியுமா? தெரியாது. எழுதி வையுங்கள். பணிக்கொடை கைக்கு வரும் முதலே மகனுக்குக் கனடா ஏஜென்சி என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வருசா வருசம் உயிரோடு இருக்கிறேன் என்று ஜீ.எஸ்.சிடம் (கிராம அலுவலரிடம்) கையெழுத்து வாங்கிக் கொடுக்க மறக்கவும் வேண்டாம். விசிட்டிங் போனால் வகுப்பெடுத்த மணித்தியாலத்தைத் தனிக் கொப்பியிலும் குறியுங்கள், இடாப்பை நம்பி இருந்து நான் இரண்டு மாதக் காசு இழந்தேன். அப்புறம், உப்புவெளித் தம்பி, அந்த ஐயாவை ஏணியில் ஏறவிடாதீர்கள். கற்றாராக்ட் (கண்புரை) இருந்தால் படி இரண்டாகத் தெரியலாம்.

உப்புவெளியான்:
ஐயா, யாரும் பென்ஷன் கேட்கவில்லையே. பாதைக்கார அண்ணை, பரிதாபம் இல்லை அது. என்னை எனக்கே காட்டிக்கொடுக்கப் பயந்தேன், அவ்வளவுதான்.

பழைய வாத்தி:
நானும் டெக் வாத்திதான், மற்றப் பக்கத்திலிருந்து ஒன்று.

முன்னனுபவத்துக்கு என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் கொடுக்கும் மதிப்பீடுகளுக்கு இப்போதும் கூப்பிட்டால் போவேன். ஒருநாள் முப்பது வருசம் வெல்டிங் செய்த ஒருவர் வந்தார். அவர் போட்ட பற்று (வெல்டிங் தையல்), மீன் செதில் அடுக்கியது போல. ஆனால் வரைபடத்தைக் கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடித்தார். பாதுகாப்புக் கேள்விகளுக்கு, "கண்ணாடி போட்டால் வடிவாத் தெரியாது சேர்" என்றார். படிவத்தில் "இன்னும் தேர்ச்சி பெறவில்லை" என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது? கையெழுத்து என்னுடையதல்லவா. அவருக்கு டுபாய்க்குப் போக அந்தக் கடதாசி தேவைப்பட்டிருந்தது, அதைப் பிறகுதான் அறிந்தேன்.

ஆறு மாதம் கழித்து என் வீட்டுக் கேற் பிணைச்சல் உடைந்தது. பக்கத்தில் வேறு பட்டறை இல்லை. தூக்கிக்கொண்டு போனால் அவர்தான் நிற்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. வாங்கி வைத்து, துருவைச் சுரண்டி, இரண்டு நிமிசத்தில் பற்றிவிட்டு, சிலாக்கை (பற்றின் மேல் படியும் கசடை) தட்டிக் கழித்து, சூடு ஆறும் முதலே இடுக்கியால் பிடித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது பாஸா சேர்?"

காசு வாங்க மறுத்துவிட்டார். கேற் இன்றைக்கும் சத்தமில்லாமல் திறக்கிறது. திறக்கும்போதெல்லாம் எனக்குக் கேட்கிறது.

பாதைக்காரன்:
வாத்தியார், வரைபடம் பார்க்கத் தெரியாதவருக்கு நீங்கள் எழுதியது சரிதான். அவரைக் கூப்பிட்டு ஒரு பத்து நாள் வரைபடம் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

பழைய வாத்தி:
கூப்பிட்டேன். "நேரமில்லை, ஓடர் கிடக்கு" என்றார்.

உப்புவெளியான்:
சேர், ஒன்று கேட்கட்டுமா? நீங்கள் பியூஸ் கட்டையைச் சட்டைப்பையில் போடும் ஆளா?

பழைய வாத்தி:
இல்லைத் தம்பி. நான் வெல்டிங். நீர் சொல்லும் ஆளை எனக்குத் தெரியும், ஸ்டாஃப் ரூமில் பக்கத்து மேசை. பின்னேரம் ஐந்து மணிக்கு உட்துறைமுக வீதியில் நடப்பார். ஐந்நூறு ரூபாயைக் கையில் கொண்டு போகாதேயும், கோபம் வரும். ஏன் கோர்ஸை விட்டாய் என்று கட்டாயம் கேட்பார். அதற்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போம்.