பனாமாவில் பார்த்த கொத்தாத மரங்கொத்தி

வேலை விஷயமாகப் பனாமா போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்போவா ஊரை ஒட்டிய பைப்லைன் ரோட்டுக்குப் போனேன். சொபெரானியா தேசியப் பூங்காவுக்குள் ஓடும் மண்பாதை அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எண்ணெய்க் குழாய்க்காகப் போட்டது.

காலை ஏழரை இருக்கும். கூட வந்த வழிகாட்டி சட்டென்று நின்றார். சருகு மேல் தூறல் விழுவது போலச் சத்தம், ஆனால் மழை இல்லை. படை எறும்புகள்! "பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள்" என்றார். எறும்புக்குப் பயந்து கரப்பான், வெட்டுக்கிளி, சிலந்தி எல்லாம் உயிர் தப்ப ஓடிவருகின்றன. சருகில் கேட்டது அந்த ஓட்டம்தான்.

அப்போதுதான் இடுப்பு உயரத்தில் ஒரு மரத்தண்டில் அதைக் கண்டேன். மைனாவைவிடக் கொஞ்சம் பெரியது. பழுப்பு உடம்பு முழுக்க மெல்லிய கறுப்பு வரிகள், கனமான நேர் அலகு. மரங்கொத்தி என்றே நினைத்தேன். ஆனால் ஐந்து நிமிடமாகியும் ஒரு கொத்துகூட இல்லை. தலையைச் சாய்த்துத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கரப்பான் எம்பியதும் பாய்ந்து கவ்வி, அதே தண்டுக்குத் திரும்பியது. எறும்பைத் தொடவே இல்லை.

பைனாகுலரில் வாலைப் பார்த்தேன். இறகுத் தண்டின் நுனிகள் மட்டும் முள்போல வளைந்து பட்டையில் ஊன்றியிருந்தன. அப்புறம் கால்: முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. மரங்கொத்திகளுக்குப் பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டு. இது வடக்கு வரி உட்கிரீப்பர் என்றார் வழிகாட்டி. டென்ட்ரோகோலாப்டிஸ் என்பது பேரினத்தின் பெயர். கிரேக்கத்தில் அதற்கு மரங்கொத்தி என்றே பொருளாம்! உண்மையில் மரங்கொத்திக்கு உறவே இல்லாத குடும்பம்.

அந்தக் காட்டுக்குப் பக்கத்தில்தான் பாரோ கொலராடோ இருக்கிறது. கால்வாய்க்காக ஆற்றை அடைத்து ஏரி உண்டாக்கியபோது தீவாகிப்போன குன்று. அங்கே எட்வின் வில்லிஸ் என்ற பறவை ஆய்வாளர் 1960களில் எறும்பைத் தொடரும் பறவைகளை வருடக்கணக்கில் கவனித்தார். அவற்றில் பெரிய எறும்புப்பறவை ஒன்று பிறகு அந்தத் தீவில் இல்லாமலே போனது. எறும்புப் படை அடிக்கடி இடம் மாறும். அதை நம்பி வாழும் பறவைக்குத் துண்டாகாத காடு வேண்டும். இதை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது.

அமேசான் பக்கம் இதே பேரினத்தைப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எறும்போடு பார்த்தீர்களா, தனியாகவா?