'தி சேர்' மாதிரி பாடல்கள் வேறு தெரியுமா?

கன்ட்ரி என்ற அமெரிக்க கிராமிய இசை வகையின் பாடகர் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் 1985இல் பாடிய 'தி சேர்' பாடலை ஒரு வாரமாக விடாமல் கேட்கிறேன். ஹேங்க் காக்ரனும் டீன் டில்லனும் எழுதியது. அமெரிக்க கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. பாரில் முன்பின் தெரியாத பெண்ணிடம், அது தன் நாற்காலி என்று சொல்லி ஒருவன் பேச்சைத் தொடங்குகிறான். அவள் சொல்வது நமக்குக் கேட்பதே இல்லை; அவன் பேச்சை வைத்தே புரிந்துகொள்ள வேண்டும். திரும்பத் திரும்ப வரும் பல்லவியும் கிடையாது. கடைசியில், அது தன் நாற்காலியே இல்லை என்று ஒப்புக்கொள்ளும் இடம் இருக்கிறதே, அவ்வளவு அழகு!

இப்படி ஒருவர் பேச்சிலேயே முழுக் கதையும் நகரும் கன்ட்ரி பாடல்கள் தெரிந்தால் சொல்லுங்களேன். அப்புறம், இதை கிட்டாரில் வாசித்துக்கொண்டே பாடுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பேசுகிற மாதிரி பாடும்போது தாளம் நழுவாமல் எப்படிப் பிடிக்கிறீர்கள்?