படர்தாமரை ‘திரும்ப வருவது’: ஒரு சொல் போதுமா?

> மீள்வருகை, மறுதொற்று, மறுகிளர்வு எல்லாம் ஒரே பொருள்தானே? ஒன்றை முடிவு செய்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமா?

நம் தோல்நோய்க் கலைச்சொல் பட்டியலின் வரைவில், ஆறிய நோய் திரும்ப வருவதற்கு எந்தச் சொல் என்பதுதான் கேள்வி. போகலாம்தான், ஆனால் மூன்றும் ஒரே பொருள் இல்லை, அதனால்தான் இழுக்கிறேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தொடையில் வந்த படர்தாமரையையே சொல்கிறேன். முதலில் நாணய அளவில் ஒரு வட்டம். ஓரம் மட்டும் மேடாகிச் சிவந்து பொடிப்பொடியாகப் பொருக்கு உதிர்ந்தது, நடுவில் தோல் கிட்டத்தட்டப் பழையபடி இருந்தது. களிம்பு போட்டேன், பத்து நாளில் அரிப்பு நின்றது, நானும் நிறுத்திவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில், பழைய வட்டத்தைச் சுற்றி ஒரு விரல் தள்ளி, இன்னும் பெரிய வட்டம். ‘திரும்ப வந்துவிட்டது’ என்று புலம்பினேன். அது எங்கேயும் போகவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

படர்தாமரையை உண்டாக்குவது பூஞ்சை. இந்தப் பூஞ்சைகளுக்கு உணவு கெரட்டின், அதாவது தோலின் மேலடுக்கிலும் முடியிலும் நகத்திலும் இருக்கும் புரதம். இருக்கிற இடத்தில் தின்றுவிட்டு வெளிப்பக்கமாகப் படர்கிறது, உடம்பும் அங்கேயே அதோடு மல்லுக்கட்டுகிறது, அதனால்தான் ஓரம் சிவந்தும் நடு தெளிந்தும் வளையமாகத் தெரிகிறது. தோல் தெளிந்தது வேறு, பூஞ்சை செத்தது வேறு. தடம் மறைந்த பிறகும் ஓரிரு வாரம் மருந்தைத் தொடரச் சொல்வதும், வட்டத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவச் சொல்வதும் இதற்காகத்தான்.

ஆக எனக்கு வந்தது, மிச்சம் இருந்ததிலிருந்து கிளைத்தது. இதற்கு ‘மறுதொற்று’ என்று எழுதினால் தப்பு, ஏனென்றால் எதுவும் புதிதாகத் தொற்றவில்லை. கரும்பை வெட்டிய பிறகு கட்டையிலிருந்து தழைப்பதை மறுதாம்பு என்கிறோமே, அதே கதைதான். அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் மறுதாம்பு என்பது ஆசைப்பட்டு விடுகிற பயிர், நோய்க்கு வைத்தால் உழவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் ‘மறுதழைவு’ என்று முன்வைக்கிறேன். படர்தாமரை என்ற பெயரே கொடியை நினைவுபடுத்துவதால் பொருந்தியும் வருகிறது.

மறுதொற்று என்பதை, உண்மையிலேயே ஆறிப்போன பிறகு வெளியிலிருந்து மறுபடி ஒட்டிக்கொள்வதற்கு மட்டும் வைத்துக்கொள்வோம். வீட்டில் இன்னொருவருக்கு இருக்கும், இருவரும் ஒரே துண்டால் துடைத்துக்கொள்வோம். உதிர்ந்த பொருக்கில் இருக்கும் வித்துகள் துணியிலும் படுக்கையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வளர்ப்புப் பூனையிடமிருந்தும் வரலாம். இங்கே என் தோலில் மட்டும் எத்தனை வாரம் களிம்பு தடவி என்ன, அடுத்தவருக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும், துணியைக் கொதிக்கும் சூட்டில் துவைக்க வேண்டும். செய்ய வேண்டிய காரியமே மாறுகிறதே, சொல் மாற வேண்டாமா?

தேமலையும் இந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், அதைத் தனியாக எடுங்கள். அதற்குக் காரணமான மலசீசியா எல்லார் தோலிலும் சாதாரணமாகவே வாழ்கிற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. அது அடிக்கடி தலைகாட்டும், ஆனால் மறுதொற்று என்று சொல்லவே முடியாது, வீட்டுக்காரனே வீட்டுக்குள் வந்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் ‘ரிங்வோர்ம்’ என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே மாற்றி ‘வளையப்புழு’ என்று வரைவில் இருப்பதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். புழுவே இல்லாத நோய் இது. இதன் மருத்துவப் பெயரான டினியாவுக்கு லத்தீனில் புழு என்று பொருள், அப்படிப் பெயர் வைத்தவர்கள் செய்த பிழையை, படர்தாமரை என்று அழகான சொல் கையில் இருக்கும்போது நாம் ஏன் சுமக்க வேண்டும்?

---

> மறுதழைவு, மறுதொற்று என்று இரண்டாகப் பிரிப்பதை ஏற்கிறேன்

அண்ணா, நானும் ஏற்கிறேன், ஆனால் ஒரு சிக்கல். காலிடுக்கில் சேற்றுப்புண், இடுப்பில் படர்தாமரை, பல நேரம் இரண்டும் ஒரே பூஞ்சைதான். இடுப்பில் ஆறிவிட்டது, காலை யாரும் கவனிக்கவில்லை, உள்ளாடையைக் கால் வழியாக ஏற்றும்போது மறுபடி இடுப்புக்குப் போய்விடுகிறது. (முதலில் காலுறை, பிறகு உள்ளாடை என்று சொல்வதே இதனால்தான்.) இது மறுதழைவா, மறுதொற்றா? நகச்சொத்தையிலிருந்து பரவினாலும் இதே கேள்வி. இன்னொன்று, மூன்று வாரம் கழித்து வந்து நிற்பவரைப் பார்த்ததும் எது என்று மருத்துவருக்கே தெரியாதே?

---

நல்ல கேள்வி, நான் இதை யோசிக்கவில்லை. தன் உடம்பின் ஓரிடத்திலிருந்து தன் உடம்பின் இன்னோரிடத்துக்கு என்றால் ‘தன்தொற்று’ என்று மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம். எது என்று தெரியாத வரை பொதுவாக ‘மீள்வருகை’ இருக்கட்டும், அது காரணத்தைப் பற்றி எதுவும் சொல்லாது, அதுதான் அதன் வசதி.

இன்னும் இரண்டு சொல் பாக்கி. டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து வேலை செய்யாத பூஞ்சைகள் இப்போது அதிகம் பேசப்படுகின்றன, 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தனி இனமாகப் பெயரிட்ட ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே அப்படிப்பட்டது. அந்த மருந்து தாக்க வேண்டிய நொதியிலேயே மாற்றம், மருந்து போய்ப் பிடிக்க இடம் இல்லை. இதை ‘எதிர்ப்புப் பூஞ்சை’ என்று எழுதினால் பூஞ்சையை எதிர்ப்பது என்று படிப்பார்கள், ‘நோய் எதிர்ப்பு’ வேறு பக்கத்தில் நின்று குழப்பும். ‘மருந்துக்கு மசியாப் பூஞ்சை’ என்றால் என்ன? நீளம்தான், ஆனால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மற்றது, ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவித் தடவி வளையமே அடையாளம் தெரியாமல் போவது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும், பூஞ்சையைத் தொடாது, அது உள்ளே நிம்மதியாகப் பரவும். 1968இலேயே இதற்கு டினியா இன்காக்னிட்டோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வரைவில் ‘மறைபடை’ என்று இருக்கிறது. படை என்றால் தோல்நோயும்தான், ஆனால் எனக்கு அதைப் படித்தால் காட்டுக்குள் துப்பாக்கியோடு பதுங்கியிருக்கிறவர்கள்தான் தெரிகிறார்கள். ‘உருமாறிய படர்தாமரை’ என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். வெந்நீரில் துண்டுகள் ஊறுகின்றன, நான் போய் அலசிப் போடுகிறேன்.