350இசட் ட்வின் டர்போ: சூட்டுல நின்னா இடது பக்கம் மட்டும் நீலப் புகை, பூஸ்ட்டும் 7 வரல, உதவி வேணும்

ஷார்ஜாஇசட்:
வணக்கம் நண்பர்களே, பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிச்சு சொல்லுங்க. வண்டி நிஸ்ஸான் 350இசட், 2004 மாடல், 6 ஸ்பீட் மேனுவல், லெஃப்ட் ஹேண்ட் டிரைவ். இன்ஜின் விக்யூ35டிஇ, உள்ள எதையும் தொடல, கம்பெனி பிஸ்டன் கம்பெனி ராட் தான். குளிர் சீசன்ல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்டா ட்வின் டர்போ கிட் ஒண்ணு வாங்கி இங்கயே ஒரு கராஜ்ல மாட்டுனேன். ரெண்டு சின்ன பால் பேரிங் டர்போ, தண்ணி லைனும் இருக்கு, முன்னாடி ஒரே இன்டர்கூலர், 600 சிசி இன்ஜெக்டர், மணிக்கு 255 லிட்டர் பெட்ரோல் பம்ப், பூஸ்ட (டர்போ தள்ளுற காத்து அழுத்தம்) கட்டுப்படுத்துற ஆக்சுவேட்டர் 7 பிஎஸ்ஐ. அப்ரெவ் சாஃப்ட்வேர்ல ட்யூன் பண்ணி சூப்பர் 98 பெட்ரோல் தான் ஊத்துறேன்.

இப்ப பிரச்சனை என்னன்னா, இன்ஜின் நல்லா சூடானதுக்கு அப்புறம் சிக்னல்ல ரெண்டு நிமிஷம் நின்னு கிளம்புனா பின்னாடி நீலமா புகை, கொஞ்ச தூரம் ஓடுனா போயிடுது, மறுபடி நின்னா மறுபடி. அடுத்தது, பூஸ்ட் 5 தாண்ட மாட்டேங்குது, 5500 ஆர்பிஎம் மேல அதுவும் 4க்கு எறங்குது. மூணாவது, ரவுண்டானா வரும்போது ஆக்சிலரேட்டர விட்டு கிளட்ச மிதிச்சா ஐடில் தள்ளாடி சில சமயம் ஆஃப் ஆகுது. செக் இன்ஜின் லைட் எதுவும் எரியல.

கராஜ்காரர் டர்போ சீல் போச்சு, ரெண்டையும் மாத்தணும்னு சொல்றாரு. மாத்துறதா இருந்தா அப்படியே ஒரு சைஸ் பெரிய டர்போ போட்டு 12 பிஎஸ்ஐக்கு போயிடலாமான்னு யோசிக்கிறேன். இந்த வண்டி எனக்கு காலேஜ் காலத்துலேர்ந்து ஆசை, கெடுத்துடக் கூடாது. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வேகராஜா:
ப்ரோ 12 ஏத்துங்க, பூஸ்ட் கன்ட்ரோலர் ஒண்ணு போட்டா முடிஞ்சுது. விக்யூ இன்ஜின் இரும்பு மாதிரி, ஒண்ணும் ஆகாது.

கோவைபிஸ்டன்:
வேகராஜா தம்பி, அப்படி சொல்லாதீங்க. அந்த இன்ஜின் நல்ல இன்ஜின்தான், ஆனா அதுல முதல்ல போறது கனெக்டிங் ராட். வீல்ல 400 குதிரைக்கு பக்கத்துல போயிட்டா கம்பெனி ராட் எப்ப வளையும்னு யாரும் கேரன்டி தர முடியாது. கம்ப்ரெஷன் ரேஷியோ வேற 10.3, டர்போவுக்குன்னு செஞ்ச இன்ஜின் இல்லைங்க அது.

ஷார்ஜா தம்பி, டர்போ கழட்டறதுக்கு முன்னாடி சிலது கேக்கணுமுங்க. புகை ரெண்டு சைலன்சர்லயும் வருதா ஒண்ணுல மட்டுமா? கம்பெனி எக்ஸாஸ்ட்டா இருந்தா நடுவுல ஒய் பைப் சேர்ந்துதான் பின்னாடி பிரியும், அதை வெச்சு எந்தப் பக்கம்னு சொல்ல முடியாது. ரெண்டு லைனும் கடைசி வரைக்கும் தனித்தனியா ஓடுதுன்னா சொல்லலாம். அடுத்து, டர்போவுக்கு ஆயில் போற லைன்ல ஆயில அளவா விடுற ரெஸ்ட்ரிக்டர் இருக்கா? ஆயில் திரும்பி சம்புக்கு (இன்ஜின் அடியில இருக்கற ஆயில் தொட்டி) வர்ற டிரெயின் ஓஸ் எப்படி போகுது, ஃபோட்டோ எடுத்துப் பாருங்க. கம்ப்ரெஷன் டெஸ்ட் கிட் மாட்டறதுக்கு முன்னாடி எடுத்தீங்களா? சர்வீஸ் மேனுவல்ல 185 பிஎஸ்ஐ ஸ்டாண்டர்ட், 142க்கு கீழ போகக் கூடாது, சிலிண்டருக்கு சிலிண்டர் 14க்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது.

ஷார்ஜாஇசட்:
அண்ணா ரொம்ப நன்றி. எக்ஸாஸ்ட் தனித்தனி ரெண்டு லைன் தான், ஒய் பைப் இல்ல. நீங்க கேட்டதுக்கு அப்புறம் ஃப்ரெண்ட பின்னாடி நிக்க வெச்சுப் பாத்தேன், புகை இடது பக்கம் மட்டும்தான், அதாவது டிரைவர் பக்கம். கம்ப்ரெஷன் நேத்து எடுத்தேன், ஆறு சிலிண்டரும் 170க்கு மேல, வித்தியாசமும் லிமிட்டுக்குள்ளதான். ரெஸ்ட்ரிக்டர் ரெண்டு பக்கமும் இருக்கு, கழட்டிப் பாத்துட்டேன். டிரெயின் ஓஸ் இன்னும் பாக்கல, அடியில ஷீல்டு இருக்கு.

கோவைபிஸ்டன்:
அப்ப இன்ஜின் ரிங்கு மேல சந்தேகம் வேண்டாம், நல்ல செய்தி. சீல் போச்சுன்னு டர்போவ மாத்தறதுதான் நெறைய பேரு செய்யறது, புது டர்போவும் அடுத்த வாரமே புகைய ஆரம்பிக்கும். விஷயம் என்னன்னா டர்போவுல இருக்கறது ரப்பர் சீல் இல்ல, பிஸ்டன் ரிங் மாதிரி சின்ன உலோக வளையம். அது ஆயில தேக்கி நிறுத்தற வேலைக்கு செஞ்சதே இல்லீங்க. ஆயில் உள்ள வந்ததும் தானா கீழ வடிஞ்சு போயிடணும், வெறும் புவியீர்ப்புல. சமையக்கட்டு சிங்குல அடைப்பு இருந்தா குழாய மாத்தி என்ன பிரயோஜனம், தண்ணி மேல தான் நிக்கும்.

ஐடில்ல நிக்கும்போது டர்போவுக்குள்ள அழுத்தம் கிடையாது, தேங்கின ஆயில் டர்பைன் பக்கமா கசிஞ்சு எக்ஸாஸ்ட்ல எரியும், கிளம்பும்போது புகையா வரும். ஓடும்போது எக்ஸாஸ்ட் அழுத்தம் எதுத்து நிக்கறதால குறையும். உங்க புகை அப்படியே இதுதான். பாக்க வேண்டியது: டிரெயின் ஓஸ் அகலம் கை கட்டை விரல் அளவுக்காவது இருக்கோணும், டென் ஏஎன் சைஸ்னு கேளுங்க. எங்கயும் மேல ஏறி எறங்கக் கூடாது, தொய்வு கூடாது. சம்புல சேர்ற இடம் ஆயில் மட்டத்துக்கு மேல இருக்கோணும். டர்போவ சுத்தி வெச்சிருந்தா டிரெயின் வாய் நேர் கீழ பாத்ததுலேர்ந்து 35 டிகிரிக்கு மேல சாயக் கூடாது. லெஃப்ட் ஹேண்ட் வண்டியில இடது பக்கம் ஸ்டியரிங் ஷாஃப்ட் குறுக்க வர்றதால அங்கதான் ஓஸ வளைச்சு வளைச்சு விட்டிருப்பாங்க. இன்னொண்ணு, டிரெயின் ஃபிளாஞ்சுல சிலிக்கான் பேஸ்ட் போட்டிருக்காங்களான்னு கழட்டிப் பாருங்க, அது உள்ள பிதுங்கி ஓட்டைய அடைச்சிருக்கும், நான் எத்தனையோ வண்டியில பாத்திருக்கேன்.

கிள்ளான்டர்போ:
அண்ணே மூணாவது பிரச்சனைக்கு நான் சொல்றேன், எங்க பக்கம் இசட் காடி நெறைய, இது அடிக்கடி வரும். ஆக்சிலரேட்டர விட்டா மிச்ச பூஸ்ட் காத்த தொறந்து விடுற ப்ளோ ஆஃப் வால்வு வெளிய காத்த விடுதா? புஸ்ஸுனு சத்தம் வருதுன்னா அதுதான் காரணம். 2004 காடியில மாஃப் சென்சார் ஏர் ஃபில்டர் பக்கத்துல இருக்கு, உள்ள போன காத்த எண்ணி வெச்சுதான் கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊத்தும். எண்ணுன காத்த நீங்க வெளிய தொறந்து விட்டா பெட்ரோல் மட்டும் மிச்சம், ரிச்சாகி மூச்சு முட்டி ஆஃப் ஆகும். வால்வு வெளி வாய்லேர்ந்து ஒரு ஓஸ் எடுத்து மாஃப்புக்கு அப்புறம், டர்போவுக்கு முன்னாடி பைப்புல சேத்துடுங்க. சத்தம் போயிடும், காடி ஆஃப் ஆகாது. சத்தம்தான் வேணும்னா மாஃப்ப த்ராட்டிலுக்கு கிட்ட மாத்தி மறுபடி ட்யூன் பண்ணணும், அது பெரிய வேலை லா.

அல்கூஸ்மேப்:
பூஸ்ட் விஷயத்துக்கு வரேன். நான் துபாய்லதான் ட்யூனிங் பண்றேன். 5 வந்து மேல போகப் போக எறங்குதுன்னா முதல் சந்தேகம் லீக், ரெண்டாவது ஆக்சுவேட்டர், மூணாவது கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைப்பு. டர்போ வாய மூடி கம்ப்ரெஸர்லேர்ந்து 10 பிஎஸ்ஐ காத்து உள்ள விட்டு, பைப்ப சேக்குற ஒவ்வொரு கப்ளர் மேலயும் சோப்புத் தண்ணி தெளிச்சுப் பாருங்க, பஞ்சர் கடை டெக்னிக் தான், இதவிட நல்லது இன்னும் வரல. இன்டர்கூலர் ரெண்டு பக்கமும், ஆக்சுவேட்டருக்கு போற சின்ன ஓஸும் விடாதீங்க. ரெண்டு டர்போவும் ஒரே இன்டேக்குக்குத்தான் ஊதுது, ஒரு பக்கம் லீக்னா காட்டுற பிரஷருக்கு ரெண்டும் கூடுதல் வேகத்துல சுத்தி சூட்டைத்தான் உண்டாக்கும். மாஃப் எண்ணுன காத்து லீக் ஆனா ஃபுல் லோடுல கறுப்புப் புகையும் கொஞ்சம் தெரியும்.

லாக் (ஓட்டும்போது எடுக்கற சென்சார் பதிவு) எடுத்தீங்களா? 7 பிஎஸ்ஐல ஏஎஃப்ஆர் (காத்து பெட்ரோல் விகிதம்) 11.5லேர்ந்து 11.8க்குள்ள வேணும், 12.5 தாண்டுதுன்னா காலை எடுத்துடுங்க. ஸ்பார்க் ப்ளக் ஹீட் ரேஞ்சுல ஒரு படி கோல்டு போட்டு கேப் 0.8 மில்லி அல்லது குறைவா வைங்க. லீக் இருக்கும்போது பண்ணுன ட்யூன் மேப்பு லீக் அடைச்சதும் பொருந்தாது, அதனால அடைச்சதும் நேரா ஹைவேல போய் பிடிக்காதீங்க, டைனோல (வண்டிய ரோலர்ல ஓட்டி பவர் அளக்கற மெஷின்) மறுபடி பாத்துட்டு ஓட்டுங்க. இது ரொம்ப முக்கியம்.

வேகராஜா:
சரி அண்ணா ராட் விஷயம் எனக்கு தெரியாது. ஆனா ராட் மாத்திட்டா 12 போலாம் தானே, அவருக்கு அதானே ஆசை?

அல்கூஸ்மேப்:
போலாம், ஆனா ராட் மட்டும் இல்ல தம்பி. கணக்கு போடுவோம். நம்ம ஊரு ஆகஸ்ட்ல 45 டிகிரின்னு வைங்க. டர்போ எஃபிஷியன்ஸி 70 சதவீதம்னா 7 பிஎஸ்ஐல கம்ப்ரெஸர விட்டு வெளிய வர்ற காத்து கிட்டத்தட்ட 98 டிகிரி. 12 பிஎஸ்ஐல அதே காத்து 130. இன்டர்கூலர் அந்த ஏறுன சூட்டுல 70 சதவீதம் குறைச்சாலும் இன்ஜினுக்குள்ள போறது 7 பிஎஸ்ஐல 60, 12ல 70 டிகிரி. இது வண்டி ஓடிட்டு இருக்கும்போது, டிராஃபிக்ல நின்னு இன்டர்கூலரே சூடா இருந்தா இன்னும் மோசம். அந்தச் சூட்டுல 10.3 கம்ப்ரெஷன்ல நாக் (பெட்ரோல் கலவை தானா வெடிக்கறது) வராம இருக்க ஸ்பார்க் டைமிங்க பின்னாடி இழுத்துக்கிட்டே போகணும், கடைசில 12 பிஎஸ்ஐ போட்டும் 9 பிஎஸ்ஐ பவர் தான் கிடைக்கும்.

பெட்ரோல் பாருங்க. க்ராங்க்ல 400 குதிரைன்னா டர்போ இன்ஜினுக்கு மணிக்கு 240 பவுண்டு பெட்ரோல், ஆறால வகுத்தா 40, இன்ஜெக்டர் 80 சதவீதத்துக்கு மேல தொறந்திருக்கக் கூடாதுன்னா 50 பவுண்டு, அதாவது 525 சிசி. இப்ப இருக்கற 600 சரியா பொருந்துது. 500 குதிரைன்னா 650 தாண்டிடும், 600 பத்தாது. பம்பு, ரிட்டர்ன் லைன், கிளட்ச் எல்லாம் கூட வரும். கியர்பாக்ஸும் பாக்கணும், 2004ல பழைய பாக்ஸ், சிங்க்ரோ வீக், அதனாலதான் எல்லாரும் பின்னாடி வந்த சிடி009 கியர்பாக்ஸ தேடறாங்க. ஒழுங்கா செய்யறதுன்னா கம்ப்ரெஷன் 9க்கு பக்கத்துல வர்ற ஃபோர்ஜ்டு பிஸ்டன், ஃபோர்ஜ்டு ராட், ஹெட் ஸ்டட், ஆயில் பம்ப் கியர், அப்புறம்தான் பெரிய டர்போ. கிட் வாங்குன காசவிட அதிகம் ஆகும், முன்னாடியே தெரிஞ்சுக்கறது நல்லது.

இன்னொண்ணு, இங்க இன்ஜின் மாடிஃபிகேஷனுக்கு அனுமதி வாங்காம ஓட்டுனா அபராதம், வண்டியவே எடுத்துட்டு போற வரைக்கும் போகும். பேப்பர் சரி பண்ணிக்கோங்க. பிடிச்சு ஓட்டணும்னு ஆசை வந்தா துபாய் ஆட்டோட்ரோம்ல ட்ராக் டே போங்க, ஷேக் முகமது பின் சாயித் ரோட்டுல வேண்டாம்.

ஷார்ஜாஇசட்:
எல்லாருக்கும் அப்டேட். வெள்ளிக்கிழமை லிஃப்ட்ல ஏத்தி ஷீல்டு கழட்டுனோம். கோவை அண்ணா சொன்னது அப்படியே இருக்கு. இடது டிரெயின் ஓஸ் ஸ்டியரிங் ஷாஃப்ட சுத்தி கீழ எறங்கி மறுபடி மேல ஏறி சம்புல சேருது, அந்தத் தொய்வுல ஆயில் நிக்குது. ஃபிளாஞ்ச கழட்டுனா சிவப்பு சிலிக்கான் பேஸ்ட் பிதுங்கி ஓட்டை பாதி மூடியிருக்கு. வலது பக்கம் கேஸ்கெட் போட்டு சுத்தமா இருக்கு. டர்போ ஷாஃப்ட கையால ஆட்டிப் பாத்தோம், முன்ன பின்ன ஆட்டமே இல்ல, நல்லா இருக்கு.

கப்ளர் டெஸ்ட்ல இன்டர்கூலர் வலது வாய்ல க்ளாம்ப் கோணலா மாட்டி நுரை பொங்குச்சு, அது போக ஆக்சுவேட்டர் ஓஸ் ஒண்ணு எக்ஸாஸ்ட் சூட்டுல காஞ்சு வெடிச்சிருக்கு. ப்ளோ ஆஃப் வால்வு வெளியதான் விடுது, கிள்ளான் அண்ணா சொன்ன மாதிரி திருப்பி விட பைப் வெல்ட் பண்ண குடுத்திருக்கேன்.

சந்தேகம்: டிரெயின் ஓஸ் ரப்பரா இருக்கலாமா? ஹெடர் ரொம்ப கிட்ட இருக்கு. அப்புறம் ஆயில் எது போடலாம்?

கோவைபிஸ்டன்:
மனசுக்கு நிம்மதியா இருக்குங்க, ரெண்டு டர்போ காசு மிச்சம். அந்த இடத்துல சாதா ரப்பர் வேண்டாம், ஸ்டீல் பின்னல் போட்ட டெஃப்லான் ஓஸ், மேல ஹீட் ஸ்லீவ். முடிஞ்சா ஷாஃப்ட்டுக்கு முன்பக்கமா நேரா எறங்கற மாதிரி சம்புல புது வாய் வெல்ட் பண்ணுங்க, சம்ப கழட்டித்தான் வெல்ட் பண்ணணும், வண்டியில வெச்சே துளை போட விடாதீங்க, அலுமினியத் தூள் உள்ள விழுந்தா பேரிங் போயிடும். ஃபிளாஞ்சுக்கு கேஸ்கெட் மட்டும், பேஸ்ட் வேண்டவே வேண்டாம்.

க்ராங்க்கேஸ் ஆவிய இன்டேக்குக்கு அனுப்பற பிசிவி வால்வும் ஒரு தடவை பாருங்க, பூஸ்ட்ல அது மூடலைன்னா மானிஃபோல்டு அழுத்தம் க்ராங்க்கேஸுக்குள்ள போயி டிரெயின கீழ விடாம தடுக்கும். வால்வு புதுசு போட்டு, அந்த ஆவியில வர்ற ஆயில பிடிக்க ஒரு கேட்ச் கேனும் வெச்சுடுங்க. ஆயில் முழு சிந்தெடிக், உங்க வெயிலுக்கு 5டபிள்யூ40. மாட்டுனதும் ஸ்டார்ட் பண்ணாம க்ராங்க் மட்டும் சுத்தி டர்போ வரைக்கும் ஆயில் ஏறிடுச்சான்னு பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. சூடானதும் ஐடில்ல ஆயில் பிரஷர் 14 பிஎஸ்ஐக்கு மேல, 2000 ஆர்பிஎம்ல 43க்கு மேல இருக்கோணும்.

அல்கூஸ்மேப்:
வேலை முடிஞ்சதும் ஆக்சுவேட்டர் ரெண்டையும் கை பம்ப் வெச்சு ஒரே பிரஷர்ல தொறக்குதான்னு பாத்துட்டு வாங்க, ஒண்ணு 5லயும் ஒண்ணு 7லயும் தொறந்தா மறுபடி இதே கதை. டைனோவுக்கு வரும்போது டேங்க்ல பாதிக்கு மேல பெட்ரோல் இருக்கட்டும், இந்த வண்டியில டேங்க் ரெண்டு பக்கமா பிரிஞ்சிருக்கு, குறைவா இருந்தா நீள வளைவுல பம்பு காத்த இழுக்கும். ட்ராக் போனாலும் அதே.

ஷார்ஜாஇசட்:
சரி அண்ணா, சம்பு கழட்டி வெல்டிங்குக்கு போயாச்சு. 12 பிஎஸ்ஐ ஐடியாவ இந்த வருஷத்துக்கு மூட்டை கட்டிட்டேன், முதல்ல 7 ஒழுங்கா வரட்டும். டைனோ பேப்பர் வந்ததும் ஏஎஃப்ஆர் லாக்கோட இங்க போடறேன், பாத்துச் சொல்லுங்க.