மணிமேகலை பறந்தாளா, தூக்கிச் செல்லப்பட்டாளா?

காவேரிக்கரை:
சென்ற வாரம் ஒருவர் தம் பையனுக்குப் புத்தகம் கேட்டபோது சிவப்புமை கொடுத்த பதிலை அப்படியே எடுத்துப் போடுகிறேன். "கவிதை என்றால் தமிழில் கொட்டிக் கிடக்கிறது. மர்மக் கதையும் ஓரளவு உண்டு. மாயாஜாலக் கதைக்கு மட்டும் மொழிபெயர்ப்பை விட்டால் வேறு வழியில்லை. உடனே யாராவது மணிமேகலையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதில் அவள் பறக்கக்கூட இல்லை. ஒரு தெய்வம் தூக்கிக்கொண்டு போய்த் தீவில் வைக்கிறது, அவ்வளவுதான்."

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. சிவப்புமை அவர்களே, நீங்கள் ஏழாம் காதையோடு, அதாவது ஏழாம் அத்தியாயத்தோடு, புத்தகத்தை மூடிவிட்டீர்கள். மணிமேகலா தெய்வம் அவளை உவவனம் என்ற சோலையிலிருந்து தூக்கிச் சென்றது உண்மை. அது போகும் வழி. பத்தாம் காதையில் அதே தெய்வம் அவளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்கிறது: "வேற்றுரு எய்தவும் அந்தரம் திரியவும்". உருமாற ஒன்று, வானில் செல்ல ஒன்று. பதினோராம் காதையில் அமுதசுரபி என்ற உணவுப் பாத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு "வானூடு எழுந்து" தன் ஊரான புகாருக்குத் திரும்புகிறாள். அப்போது அவளை யாரும் தூக்கவில்லை. அவளேதான் பறக்கிறாள்.

படிக்காமல் பேசுவதை நான் பொறுத்துக்கொள்வேன். பாதி படித்துவிட்டு இல்லவே இல்லை என்று சொல்வதைப் பொறுக்க மாட்டேன்.

சிவப்புமை:
வணக்கம் அம்மா. என் கருத்தில் மாற்றமில்லை. தெய்வம் கொடுத்த மந்திரத்தால்தானே பறந்தாள்? அப்படியானால் பறக்க வைத்தது தெய்வம். மணிமேகலை சமய நூல். அதை இயற்றிய சாத்தனார் பௌத்தத்தை நிலைநாட்ட எழுதினார். எழுதியவர் உண்மை என்று நம்பி எழுதியதை மாயாஜாலக் கதை என்று விற்பது அவருக்கும் அநியாயம், பதின்மூன்று வயதுப் பையனுக்கும் அநியாயம்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு என் மகனோடு போயிருந்தேன். மூன்று மணி நேரம் நடந்தோம். "டிராகன் வருகிற தமிழ்க் கதை இருக்கிறதா?" என்று அவன் ஒவ்வொரு கடையிலும் கேட்டான். ஒரு கடைக்காரர் திருக்குறள் கதைகளை எடுத்து நீட்டினார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவன் கையில் மணிமேகலை உரையைக் கொடுக்கச் சொல்கிறீர்களா?

ஏட்டுச்சுவடி:
இருவருக்கும் ஒரு வேண்டுகோள். மாயாஜாலக் கதை என்றால் என்ன என்று முதலில் வரையறை செய்துகொள்ளுங்கள். மாயம் நடந்தால் போதுமா, மாயம் நடக்கும் உலகமே ஆசிரியர் கற்பித்ததாக இருக்க வேண்டுமா? இதை முடிவு செய்யாமல் பறந்தாளா இல்லையா என்று பேசுவதில் பயன் இல்லை.

காவேரிக்கரை:
பயன் இருக்கிறது ஐயா. பறக்கவில்லை என்று ஒருவர் எழுதினார், பறந்தாள் என்று நூலில் இருக்கிறது. இதற்கு வரையறை எதற்கு?

சிவப்புமைக்கு: "தெய்வம் கொடுத்த மந்திரத்தால் பறந்ததால் அவள் பறக்கவில்லை" என்பது என்ன நியாயம்? உங்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்தான் இன்றும் உங்கள் சைக்கிளை ஓட்டுகிறாரா?

நான் பத்து ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை படிக்கிறேன். சென்ற ஆண்டு மணிமேகலை. பத்தாம் காதை நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது மந்திரம் பசியை அறுக்கும் மந்திரம் என்று சொல்லிவிட்டு அடுத்த காதைக்குப் போனேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கையில் வேர்க்கடலைப் பொட்டலம், தோலை ஊதிக்கொண்டே கேட்டாள்: "பசி மந்திரம்தான் இருக்கிறதே, அப்புறம் பாத்திரம் எதற்கு?"

நான் பதில் சொல்லத் திணறினேன். நாற்பது ஆண்டுகளாகப் படிக்கிற எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. அன்றிரவு மறுபடி எடுத்துப் படித்தேன். "மக்கள் யாக்கை உணவின் பிண்டம், இப்பெரு மந்திரம் இரும்பசி அறுக்கும்" என்கிறது தெய்வம். அது அவளுடைய பசிக்கு. அமுதசுரபி ஊராருடைய பசிக்கு. தன் பசியை அடக்கிக்கொண்டவள் கையில்தான் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் வந்து சேருகிறது. எந்தப் பொருளுக்கு என்ன வலிமை, அதற்கு எல்லை எது என்று இவ்வளவு கறாராகக் கணக்கு வைத்துக் கதை சொன்னவரைச் சமயப் பிரசாரகர் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுகிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

மாதநாவல்ரசிகன்:
கவிதை "கொட்டிக் கிடக்கிறது", மர்மக் கதை மட்டும் "ஓரளவு" உண்டாம். சிவப்புமை ஐயா, அந்த "ஓரளவு" என்ற சொல்லுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதே தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறியும் கதைகளில். பஸ் நிலையக் கடையில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களை வாங்கிப் படித்துத்தான் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வாசிப்புப் பழக்கமே வந்தது. இங்கே இருப்பவர்கள் அதையெல்லாம் இலக்கியம் இல்லை என்று ஒதுக்குவார்கள். சங்கர்லாலுடைய உதவியாளர் பெயர் என்ன என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்?

பரண்மேல்பெட்டி:
கத்தரிக்காய். இதுகூடத் தெரியாதா? நீங்கள் போன தீபாவளிக்கு என்னிடம் வாங்கிப் போன ஏழு சங்கர்லால் புத்தகங்கள் இன்னும் வரவில்லை. இங்கே வாசிப்புப் பழக்கம் பற்றிப் பேசுகிறீர்கள்.

மாதநாவல்ரசிகன்:
ஏழு அல்ல, ஐந்து. பொது இடத்தில் இப்படிப் பேசுவது உங்கள் வயதுக்கு அழகில்லை.

வல்லைவெளி:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். அக்கா சொன்னதை முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். தெய்வம் அவளை வைத்த இடத்தை வெறும் "தீவு" என்று சிவப்புமை போகிற போக்கில் எழுதிவிட்டார். நூலில் அதன் பெயர் மணிபல்லவம். அதுதான் எங்கள் நயினாதீவு. குறிகட்டுவானில் படகு ஏறினால் கொஞ்ச நேரத்தில் நாகபூசணி அம்மன் கோயில் கோபுரம் தெரியும். பக்கத்திலேயே நாகவிகாரை என்ற பௌத்தக் கோயில். இரண்டு நாக அரசர்கள் ஓர் ஆசனத்துக்காகச் சண்டையிட, புத்தர் வந்து தீர்த்துவைத்த கதை மணிமேகலையிலும் உண்டு, இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்திலும் உண்டு. பத்து வயதில் அம்மாவுடன் அந்தப் படகில் போகும்போது, மணிமேகலை எந்தப் பக்கமாகப் பறந்து போயிருப்பாள் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். மாயாஜாலக் கதை எங்களுக்குப் படகு போகும் தூரத்தில் இருக்கிறது.

சிவப்புமை:
வல்லைவெளி, நூலில் இருக்கிற தூரத்தையும் பாருங்கள். புகாரிலிருந்து தெற்கே "ஆறைந்து யோசனை". முப்பது யோசனை. யோசனை என்பது பழைய தூர அளவு. யோசனைக்கு எட்டு மைல் வைத்தாலும் 240 மைல். பூம்புகாரிலிருந்து நயினாதீவு நேர்த்தெற்கே சுமார் 170 கிலோமீட்டர், அதாவது 110 மைலுக்கும் குறைவு. எப்படிப் பொருந்தும்?

அதோடு நீங்களும் "பறந்து போயிருப்பாள்" என்கிறீர்கள். போகும்போது தூக்கிச் சென்றது தெய்வம் என்று அம்மாவே ஒப்புக்கொண்டுவிட்டார். நான் எழுதியதும் அதுதான்.

வல்லைவெளி:
யோசனைக்கு எட்டு மைல் என்று உங்களுக்கு யார் சொன்னது? நூலுக்கு நூல் அளவு மாறும். எங்கள் ஊரை வரைபடத்தில் அளந்து பார்த்து இல்லை என்று சொல்ல வந்துவிட்டீர்கள். ஒருமுறையாவது வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

காவேரிக்கரை:
நான் ஒப்புக்கொண்டதாக எழுதாதீர்கள். போனது தெய்வத்தின் கையில், வந்தது சொந்த மந்திரத்தில். இதை நான் முதல் பதிவிலேயே எழுதிவிட்டேன். நீங்கள் எழுதியது "பறக்கக்கூட இல்லை" என்று. அந்த "கூட" இன்னும் அங்கேயே இருக்கிறது.

மாதநாவல்ரசிகன் தம்பிக்கும் ஒரு சொல். மர்மக் கதை பிடிக்கும் என்றால் இருபதாம் காதையைப் படித்துப் பாருங்கள். அரசகுமாரன் உதயகுமரன் துரத்துகிறான் என்று மணிமேகலை காயசண்டிகையின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்துவிட்டு மனைவியைத் தேடி அப்போதுதான் வருகிறான். தன் மனைவி அரசகுமாரனோடு நின்று பேசுவதாக நினைக்கிறான். இரவில் ஒளிந்திருக்கிறான். வாள் விழுகிறது. படிக்கிற நமக்கு மூன்று பேருடைய மனமும் தெரியும், அங்கே நிற்கிற மூன்று பேருக்கும் மற்றவர் மனம் தெரியாது.

இருபத்தைந்தாம் காதை இன்னும் ஒரு படி மேல். புண்ணியராசன் என்ற அரசன் மணிபல்லவத்துக்கு வருகிறான். முற்பிறப்பில் அவன் ஆபுத்திரன். கப்பல்காரர்கள் அறியாமல் அந்தத் தீவில் அவனை விட்டுவிட்டுப் போக, ஊட்ட ஆளில்லாத இடத்தில் அமுதசுரபி எதற்கு என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்விட்டவன். இப்போது அரசனாக வந்து, புன்னை மரத்தடியில் மணலைத் தோண்டித் தன்னுடைய பழைய எலும்புகளைத் தானே பார்க்கிறான். பக்கத்தில் வேறு எலும்புகளும் கிடக்கின்றன. அவனைத் தேடித் திரும்பி வந்து, அவன் இறந்தது தெரிந்து அங்கேயே உயிர்விட்ட ஒன்பது செட்டிகளுடையவை. கிரீடம் வைத்தவன் தன் எலும்பின் எதிரே நிற்கிறான். டிராகன் கேட்ட பையனுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள் சிவப்புமை. அவன் தூங்க மாட்டான்.

சிவப்புமை:
கதையைச் சொன்னால் கேட்பான். புத்தகத்தைக் கொடுத்தால் படிப்பானா? அதுதான் என் கேள்வி. எல்லாம் ஆசிரியப்பா. இருபத்தேழாம் காதையில் ஒவ்வொரு சமயவாதியும் வரிசையாக வந்து தன் கொள்கையைச் சொல்கிறான். இருபத்தொன்பதில் தருக்கம். பெரியவர்களே அதில் மூச்சு வாங்குகிறார்கள். உ.வே.சா. 1898இல் பதிப்பித்தபோது பௌத்தச் செய்திகளைப் புரிந்துகொள்ள அவரே கும்பகோணம் கல்லூரியில் இருந்த மளூர் ரங்காச்சாரியாரிடம் போய்க் கேட்க வேண்டியிருந்தது. அவருக்கே அப்படி என்றால் என் மகனுக்கு?

காவேரிக்கரை:
நல்ல வேளை, அந்தக் கதையை நீங்களே எடுத்தீர்கள். உ.வே.சா. புரியவில்லை என்று மூடி வைக்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டார். அதோடு நிற்காமல், படிக்க வருபவன் தவிக்கக் கூடாது என்று கதைச் சுருக்கத்தையும் உரைநடையில் எழுதிச் சேர்த்தார். பாட்டுக்குள் நுழையக் கதவு அப்போதே திறந்துவிடப்பட்டது.

என் வழி இது. முதலில் கதைச் சுருக்கம். பிறகு ஆறாம் காதையில் சக்கரவாளக் கோட்டம். அந்தச் சுடுகாட்டில் சார்ங்கலன் என்ற பையன் பேயைக் கண்டு அஞ்சி உயிர்விடும் இடத்தைச் சத்தம் போட்டுப் படியுங்கள். அகவல் ஓசையே பயமுறுத்தும். பிறகு பத்து, பதினொன்று, பதினாறு. பதினாறில் சாதுவன் என்ற வணிகன் கப்பல் உடைந்து நாகர் வாழும் மலைப்பக்கம் ஒதுங்குகிறான். இருபதும் இருபத்தைந்தும் அடுத்து. இருபத்தேழும் இருபத்தொன்பதும் கல்லூரிக்குப் போன பிறகு படிக்கட்டும். நூலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே மூச்சில் விழுங்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

ஏட்டுச்சுவடி:
வரையறையைப் பற்றி நான் கேட்டதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. காப்பியத்தைத் துண்டு போட்டுப் படிக்கச் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. இருபத்தேழாம் காதை இல்லாமல் மணிமேகலை இல்லை.

காவேரிக்கரை:
ஐயா, பிள்ளைக்கு முதல் கவளத்திலேயே பாகற்காய் ஊட்ட மாட்டோம். பிறகு அவனே கேட்டுச் சாப்பிடுவான்.

பரண்மேல்பெட்டி:
ஐந்து என்றால் அந்த ஐந்து புத்தகங்களாவது எப்போது வரும்?

மாதநாவல்ரசிகன்:
என்னை "தம்பி" என்று கூப்பிட்டு மணிமேகலையை மர்மக் கதை என்கிறார் அக்கா. கொலை செய்தது யார் என்று படிப்பவனுக்கு முன்பே தெரிந்துவிட்டால் அது மர்மக் கதை இல்லை. சங்கர்லால் கதையில் அப்படி நடக்காது. "ஓரளவு" என்ற சொல்லைச் சிவப்புமை இன்னும் திரும்பப் பெறவில்லை. காத்திருக்கிறேன்.

வல்லைவெளி:
யோசனை அளவுக்கும் பதில் வரவில்லை.

சிவப்புமை:
எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில். நான் எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். என் மகனுக்கு நேற்று இரவு அந்த எலும்புக் கதையைச் சொன்னேன். கேட்டான். "இதில் டிராகன் வருமா?" என்றான். வராது என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டான். மணிமேகலையைத் தீவுக்குத் தூக்கிச் சென்றது தெய்வம்.

காவேரிக்கரை:
திரும்பி வந்தது?

சிவப்புமை:
தெய்வம் கொடுத்த மந்திரம்.

காவேரிக்கரை:
சொன்னது யாருடைய வாய்? எழுந்தது யாருடைய உடல்? பதினோராம் காதையின் கடைசிப் பகுதியை நாளை காலை முழுவதுமாகத் தட்டச்சு செய்து இங்கே போடுகிறேன். உங்கள் மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.