அம்மம்மா வீட்டு வெள்ளிப் பூச்சாடியில் நங்கூரம்: நேவிச் சாமானா?

உப்புவெளிப் பேரன்:
வணக்கம். திருகோணமலையில் எங்கள் அம்மம்மா வீட்டுச் சாமியறையில் ஒரு வெள்ளிப் பூச்சாடி இருக்கிறது. ஒரு முழ உயரம், இரண்டு கைபிடி, உடம்பு முழுக்கத் திராட்சைக்கொடி, நடுவில் ஒரு பீரங்கி. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் செதுக்கியிருக்கிறார்கள். பீரங்கிப் படையில் சேவை செய்து விலகுகிறவருக்குச் சக அதிகாரிகள் கொடுத்தது என்பது வரைக்கும் வாசிக்கலாம். பெயர் இருந்த இடம் வழுவழுவென்று கிடக்கிறது.

அம்மப்பா இங்கே டொக்யாட்டில், அதுதான் கடற்படைக் கப்பல் பட்டறையில், வேலை செய்தவர். 1957இல் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போன நேரம் ஏலத்தில் எடுத்தாராம். அடியில் நங்கூர முத்திரை இருப்பதால் நேவிச் சாமான், சிங்க முத்திரை இருப்பதால் இலங்கையில் செய்தது. இது எங்கள் வீட்டுத் தீர்ப்பு. பக்கத்தில் ஒரு ராணியின் தலையும் உண்டு. போன கிழமை ஒரு நகைக்கடையில் காட்டினேன். தராசில் வைத்த கையோடு "உருக்கினால்..." என்று தொடங்கினார்கள். பேசாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆருக்காவது விளங்குமா?

கொட்டியாரத்தான்:
தம்பி, அந்த நங்கூரம் பர்மிங்காம் ஊருடையது! 1773இல் அங்கே வெள்ளிச் சோதனைச்சாலை தொடங்கியதிலிருந்து அதுதான் அடையாளம். கடலே இல்லாத ஊர், சிரிப்புத்தான். நடக்கிற சிங்கம் என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. வாள் பிடித்த நம்மூர்ச் சிங்கம் வேறு. ராணித் தலை வரி கட்டியதற்குச் சாட்சி. அந்த முத்திரை 1890உடன் நின்றுபோனது. ஆக, அம்மப்பா கையில் எடுக்கும்போதே சாடிக்கு அறுபது வயதுக்கு மேல். பக்கத்தில் ஒற்றை எழுத்து ஒன்று இருக்கும், ஆண்டு அதிலேதான். எழுத்தின் வடிவமும் அதைச் சுற்றிய கட்டமும் தெளிவாகத் தெரியப் படம் போடுங்கள்.

பட்டறைக்காரி:
அதெல்லாம் சரி, பெயர் ஏன் அழிந்தது? எதைப் போட்டுத் துலக்குகிறீர்கள்?

உப்புவெளிப் பேரன்:
திருநீறு. பொங்கல், நவராத்திரி, தீபாவளி என்று அம்மம்மா ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. இப்போது அம்மா.

பட்டறைக்காரி:
அப்போ கள்ளன் வீட்டுக்குள்ளேதான். காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளி கறுக்கும். தேய்க்கத் தேய்க்கக் கறுப்போடு வெள்ளியும் கொஞ்சம் போகும். கொடியின் இடுக்கில் கறுப்பு இருந்தால்தான் வேலைப்பாடு எடுப்பாகத் தெரியும், அதை விட்டுவிடுங்கள். அடிப்பாகம் மட்டும் தனிப் பாரமாக இருந்தால் உள்ளே அரக்கோ சுண்ணமோ அடைத்திருக்கலாம். தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். இரவில் லைட்டை அணைத்துவிட்டு டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பள்ளத்தின் நிழல் விழும்.

உப்புவெளிப் பேரன்:
நேற்றிரவு பார்த்தேன். பெயரின் கடைசி இரண்டு எழுத்து நிழலாகத் தெரிந்தது. இன்று காலை எழும்பி வந்தால், படம் எடுக்கப் போகிறேன் என்று கேள்விப்பட்ட அம்மா சாடியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறா, பக்கத்தில் திருநீற்றுத் தட்டம். நல்லகாலம், இன்னும் கைபிடியைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தா.