கடைசித் தேதிகளும் நிகழ்ச்சிகளும் ஒரே அறிவிப்பில் வரும்போது எப்படிப் பிரித்துத் தருவது?

கேள்வி: பலகைக்காரர்

வணக்கம். பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர் நலப் பிரிவில், வாரந்தோறும் வெளியாகும் பொது அறிவிப்பைத் தொகுத்து அனுப்பும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டுள்ளது. துறைகள், தேர்வுப் பிரிவு, நூலகம், விடுதி, விளையாட்டுப் பிரிவு, மாணவர் மன்றங்கள் என்று எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் செய்திகளை, வந்த வரிசையிலேயே அடுக்கி ஒரே மின்னஞ்சலாக அனுப்புவதுதான் இதுவரை இருந்துவரும் நடைமுறை. இதனால், பாடத்தெரிவுப் பதிவு எந்த நாளில் முடிகிறது என்று சொல்லும் இரண்டு வரிகள், இசை நிகழ்ச்சியின் வண்ண அழைப்பிதழுக்கும் சிறப்புச் சொற்பொழிவாளரைப் பற்றிய நீண்ட அறிமுகத்துக்கும் நடுவே சிக்கிக் கண்ணில் படாமல் போய்விடுகின்றன. நாள் கடந்தபின் அலுவலகத்துக்கு வரும் மாணவர் தமக்குத் தெரியவே தெரியாது என்கிறார். அலுவலகமோ மடல் சென்ற தேதியையும் நேரத்தையும் எடுத்துக் காட்டுகிறது. இரு தரப்பும் சொல்வது உண்மை என்பதால் வழக்கு தீர்வதே இல்லை.

இந்த அறிவிப்பை எந்த அடிப்படையில் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு செய்தியிலும் எவை கட்டாயம் இடம்பெற வேண்டும் என்பதைப் பற்றி அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். அடிக்கடி நினைவூட்டினால் மாணவர்கள் மடலைத் திறப்பதையே விட்டுவிடுவார்கள் என்று என் மேலதிகாரி கருதுகிறார். அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

மறுமொழி: தேர்வுப் பிரிவில் இருந்தவர்

தங்கள் மடலில் உள்ள செய்திகள் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. சொற்பொழிவுக்கு வராத மாணவருக்கு ஓர் உரை மட்டுமே தவறிப்போகும். தேர்வுக்குப் பதிவு செய்யாதவருக்கு ஒரு பருவமே கைவிட்டுப் போகலாம். எனவே தேதி வரிசையைக் காட்டிலும், தவறினால் நேரும் இழப்பை வைத்துப் பிரிப்பதே சரி என்று நெடுங்காலம் தேர்வுப் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். மீட்க வழியே இல்லாத நாட்கள் மடலின் தலையில் வர வேண்டும். தாமதக் கட்டணம் செலுத்தியோ துறைத்தலைவரின் சிறப்பு அனுமதி பெற்றோ சரிசெய்துகொள்ளக்கூடியவை அவற்றுக்குக் கீழே வரலாம். விருப்பமுள்ளோர் கலந்துகொள்ளும் நிகழ்ச்சிகளைத் தனி மடலாகவே அனுப்பிவிடுங்கள்.

அடுத்து, செய்தியை எழுதும் விதம். அலுவலகங்களிலிருந்து பொதுவாக இப்படித்தான் வரும்: "முனைவர் பட்ட ஆய்வேட்டுச் சுருக்கம் சமர்ப்பித்தல் தொடர்பாக அனைவருக்கும் தெரிவித்துக்கொள்வது யாதெனில், முறையாகப் பூர்த்தி செய்யப்பட்ட விண்ணப்பங்கள் உரிய கட்டணத்துடன் 14ஆம் தேதிக்குள் வந்து சேர வேண்டும்." இதில் யார் அளிக்க வேண்டும், எந்த அறையில் அளிக்க வேண்டும், 14ஆம் தேதியன்று கொண்டுவந்தால் வாங்குவார்களா, நெறியாளரின் கையொப்பம் தேவையா என்ற எதற்கும் விடை இல்லை. இதையே நான் பின்வருமாறு மாற்றி எழுதுவேன்:

"இந்தப் பருவத்தில் ஆய்வேட்டுச் சுருக்கம் அளிக்கவிருக்கும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு: மார்ச் 14, வெள்ளிக்கிழமை, மாலை 4 மணி வரை ஆய்வுப் பிரிவு முகப்பில் விண்ணப்பம் பெறப்படும். நெறியாளர், துறைத்தலைவர் இருவரின் கையொப்பமும் கட்டணச் செலுத்துச் சீட்டும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அன்று அளிக்காதவர்கள் அடுத்த பருவத்தில்தான் அளிக்க இயலும்."

கிழமையைச் சேர்த்து எழுதுவதை வெறும் அலங்காரமாக நினைத்துவிட வேண்டாம். தேதியில் ஓர் எண் மாறி அச்சாகிவிட்டால், கிழமையோடு ஒத்துவராததைக் கண்டு யாராவது ஒருவர் உடனே கேட்டுவிடுவார். கிழமை இல்லையென்றால் அந்தத் தவறு கடைசிவரை தவறாகவே நின்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான கடைசித் தேதிகளுக்கு முன்னால், அறிவிப்பில் இடம்பெறாத வேறு சில கடைசித் தேதிகள் ஒளிந்திருக்கின்றன. மேற்சொன்ன விண்ணப்பத்துக்கு இரண்டு கையொப்பங்கள் வேண்டும் என்றால், துறைத்தலைவர் ஊரில் இருக்கும் கடைசி நாள்தான் மாணவருக்கு மெய்யான கடைசி நாள். மதிப்பெண் பட்டியலின் சான்றுநகல் கிடைக்க ஒரு வாரம் ஆகும் என்றால், உதவித்தொகை விண்ணப்பத்தின் இறுதி நாள் மாணவரைப் பொறுத்தவரை ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிடுகிறது. இந்த முன்படிகளை அலுவலகம் அறியும், புதிதாகச் சேர்ந்த மாணவர் அறியமாட்டார். அவற்றை எழுதாமல் தேதியை மட்டும் தருவது பாதி அறிவிப்புதான்.

மறுமொழி: முதுகலை இரண்டாமாண்டு

மாணவர் தரப்பிலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். மேலே பெரியவர் சொன்ன பிரிவினையை ஏற்கிறேன். ஆனால் அதற்கும் முன்பாக நாங்கள் தேடுவது, இது எனக்கானதா என்ற ஒன்றைத்தான். இளங்கலை முதலாண்டு மாணவருக்குப் பட்டமளிப்பு விழாவுக்கான பதிவும், ஆய்வு மாணவருக்கு விடுதி அறை மாற்றமும் எந்த வகையிலும் பயன்படாதவை. தனக்குத் தொடர்பில்லாத செய்திகளையே தொடர்ந்து பார்ப்பவர், தொடர்புள்ள செய்தி வரும்போதும் அதே வேகத்தில் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார். அதனால் ஒவ்வொரு பத்தியின் முதற்சொல்லே யாருக்கு என்பதாக இருக்கட்டும். மடலின் தலைப்பில் "வாராந்திர அறிவிப்பு" என்று போடுவதைக் காட்டிலும், அந்த வாரத்தில் முடியும் மிக முக்கியமான ஒன்றை அதன் தேதியோடு போடுவது எவ்வளவோ மேல்.

சுற்றறிக்கையைப் படமாக அனுப்பும் வழக்கத்தை எப்படியாவது நிறுத்தச் சொல்லுங்கள். கையொப்பமும் முத்திரையும் இட்ட தாளை வருடி (ஸ்கேன் செய்து), அந்தப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து "தேர்வுக் கட்டணம்" என்று தட்டித் தேடினால் குழுவில் எதுவும் அகப்படுவதில்லை, ஏனென்றால் அங்கே எழுத்தே இல்லை, எழுத்தின் நிழற்படம்தான் இருக்கிறது. பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்குத் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் செயலிக்கும், படத்தில் உள்ளதை எழுத்தில் சொல்லும் மாற்று உரை இல்லாத படம் பெரும்பாலும் வெறும் படமே. 2008இல் வெளியான வலை அணுகல் வழிகாட்டு நெறிகளின் இரண்டாம் பதிப்பே, எழுத்தைப் படமாகத் தராமல் எழுத்தாகவே தர வேண்டும் என்று கூறியிருக்கிறது. முத்திரை அவசியம் என்றால் அது இணைப்பாக இருக்கட்டும், சாரம் மட்டும் மடலின் உடலில் எழுத்தாக வரட்டும்.

நிகழ்ச்சிகளைத் தனி மடலில் தள்ளிவிடலாம் என்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பல நிகழ்ச்சிகளின் உள்ளேயே ஒரு கடைசித் தேதி இருக்கிறது. பயிலரங்கம் 28ஆம் தேதி என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பதிவு 10ஆம் தேதியோடு முடிகிறது என்பது அழைப்பிதழின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும். கருத்தரங்கம் என்றால் கட்டுரைச் சுருக்கம் அனுப்ப ஒரு நாள், முழுக்கட்டுரைக்கு ஒரு நாள், சலுகைக் கட்டணத்துக்கு ஒரு நாள், நிகழும் நாள் என்று குறைந்தது நான்கு தேதிகளாவது இருக்கும். முன்பதிவு தேவைப்படும் எந்த நிகழ்ச்சியையும் இரண்டு செய்திகளாகக் கணக்கிட்டு, பதிவு முடியும் நாளைக் கடைசித் தேதிகளின் பட்டியலிலும், நிகழும் நாளை நிகழ்ச்சிகளின் பட்டியலிலும் இடுங்கள்.

மறுமொழி: நாட்காட்டி நிரலர்

மடலை எவ்வளவு செம்மைப்படுத்தினாலும் அது வந்த நாளன்று படித்து மறக்கப்படும் பொருள்தான். தேதி இருக்க வேண்டிய இடம் மாணவரின் கைப்பேசி நாட்காட்டி. இதற்கென்றே ஐகேலெண்டர் என்ற பொதுவடிவம் இருக்கிறது, 2009இல் ஆர்.எஃப்.சி. 5545 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் வரையறுக்கப்பட்ட இந்த வடிவத்தை, புழக்கத்தில் உள்ள நாட்காட்டிச் செயலிகள் ஏறத்தாழ எல்லாமே ஏற்கின்றன. கோப்பைத் தரவிறக்கிச் சேர்க்கச் சொல்லாமல், சந்தா இணைப்பாகக் கொடுங்கள். தரவிறக்கிய கோப்பு அன்றைய நிலையிலேயே உறைந்துவிடும். சந்தாவாகச் சேர்த்தால், தாங்கள் ஓரிடத்தில் தேதியைத் திருத்தியதும் எல்லோருடைய நாட்காட்டியிலும் அது மாறும். உடனடியாக மாறும் என்று மட்டும் நம்பிவிடக் கூடாது, சில செயலிகள் பல மணி நேரத்துக்கு ஒருமுறைதான் வந்து பார்க்கும்.

நடைமுறையில் சறுக்கும் இடங்கள் சில உண்டு. பல நாள் நடக்கும் நிகழ்ச்சியை நேரமில்லாமல் முழுநாளாகப் பதியும்போது, முடியும் நாள் என்று இந்த வடிவத்தில் குறிக்கப்படுவது கணக்கில் சேராத நாள். 12 முதல் 14 வரை நடக்கும் விழாவுக்கு முடிவாக 15 என்று எழுத வேண்டும். 14 என்று எழுதினால் கடைசி நாள் காணாமல் போகும். அதேபோல, செய்ய வேண்டிய பணிகளுக்கென்று தனி உறுப்பு ஒன்று இந்த வடிவத்தில் இருந்தாலும், பல செயலிகள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆகவே கடைசித் தேதியையும் சாதாரண நிகழ்வாகவே பதிந்து, பெயரின் தொடக்கத்தில் "கடைசி நாள்" என்று எழுதிவிடுவது பாதுகாப்பானது.

நேரத்தைப் பொறுத்தவரை, "14ஆம் தேதி நள்ளிரவு 12 மணி" என்று எழுதவே எழுதாதீர்கள். 13ஆம் தேதி முடியும் கணமா, 14ஆம் தேதி முடியும் கணமா என்று படிப்பவர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். இரவு 11:59 என்று எழுதினால் பேச்சே இல்லை. தேதியையும் வெறும் எண்களாக 03/04 என்று தர வேண்டாம், அதை மார்ச் 4 என்று படிக்கும் நாட்டிலிருந்து வந்த மாணவரும் ஏப்ரல் 3 என்று படிக்கும் மாணவரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். பன்னாட்டுக் கருத்தரங்கங்களுக்கான அழைப்பைத் தங்கள் மடலில் சேர்க்கும்போது கூடுதல் கவனம் தேவை. பூமியில் எங்கேனும் அந்த நாள் முடியாதிருக்கும்வரை ஏற்போம் என்ற விதியைச் சில துறைகளின் கருத்தரங்கங்கள் பின்பற்றுகின்றன. ஒருங்கிணைந்த உலக நேரத்துக்கு (UTC) 12 மணி நேரம் பின்தங்கிய மண்டலமே அதற்கு அளவு. அப்படிப்பட்ட கருத்தரங்கின் 10ஆம் தேதி, உலக நேரப்படி 11ஆம் தேதி நண்பகலுக்குத்தான் முடிகிறது. உள்ளூர் நேரத்துக்கு மாற்றி எழுதி, மூல நேரத்தையும் பக்கத்திலேயே கொடுங்கள்.

பலகைக்காரர்

மூவருக்கும் நன்றி. முன்படிகளை எழுதுவது, முன்பதிவு நாளைத் தனியாகப் பிரிப்பது ஆகிய இரண்டையும் அடுத்த மடலிலேயே தொடங்கிவிடலாம். சந்தா நாட்காட்டிக்குக் கணினி மையத்தின் உதவி தேவைப்படும். நினைவூட்டலைப் பற்றிய ஐயம் மட்டும் அப்படியே நிற்கிறது. நீண்ட அவகாசம் கொடுத்தால் மாணவர்கள் நிதானமாக முடிப்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம், ஆனால் விண்ணப்பங்கள் கடைசி இரண்டு நாட்களில்தான் குவிகின்றன. அதைக் காரணம் காட்டிக் காலத்தை நீட்டிப்பதும் வழக்கமாகிவிட்டது.

மறுமொழி: உளவியல் துறை ஆசிரியர்

நீண்ட அவகாசம் தன்னளவில் உதவுவதில்லை என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. உளவியலாளர்கள் அமோஸ் ட்வெர்ஸ்கியும் எல்டர் ஷாஃபிரும் 1992இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு வினாத்தாளை நிரப்பித் தந்தால் சிறு தொகை தருவதாக மாணவர்களிடம் கூறி, சிலருக்கு 5 நாள், சிலருக்கு 3 வாரம், சிலருக்குக் கெடுவே இல்லாமல் கொடுத்துப் பார்த்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். திருப்பித் தந்தவர்கள் முறையே 60, 42, 25 விழுக்காட்டினர். விருப்பமான செயல்களிலும் இதுவே நடக்கிறது: 2010இல் சுசான் ஷூ, அயெலெட் க்னீசி ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், இனிப்பகம் ஒன்றின் பரிசுச் சீட்டை 3 வாரக் கெடுவுடன் பெற்றவர்களில் 31 விழுக்காட்டினர் பயன்படுத்தினர், 2 மாதக் கெடு பெற்றவர்களில் 6 விழுக்காட்டினரே பயன்படுத்தினர். இசை நிகழ்ச்சிக்கான முன்பதிவை இரண்டு மாதம் திறந்து வைப்பதால் அரங்கம் நிறைந்துவிடாது.

இதைக் கொண்டு எல்லாக் கெடுவையும் சுருக்கிவிடலாம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். உதவித்தொகைக்கு வருமானச் சான்று முதலியவற்றை வெளி அலுவலகங்களிலிருந்து பெற வேண்டிய மாணவரைக் குறுகிய கெடு நேரடியாகத் தண்டிக்கும். வசதியுள்ளவருக்கு அது உறைக்கவே உறைக்காது. அத்தகையவற்றை முன்கூட்டியே அறிவித்து, இடையில் சான்றுகளைச் சரிபார்க்க ஒரு நாள், நெறியாளர் பார்வைக்கு ஒரு நாள் என்று சிறு கெடுக்களாகப் பிரித்துவைப்பதே பொருந்தும்.

நினைவூட்டலில் தங்கள் மேலதிகாரி சொல்வது பாதி சரி. அலுப்பு ஏற்படுவது நினைவூட்டலால் அன்று, ஏற்கனவே முடித்தவருக்கும் அதே நினைவூட்டல் போவதால். இணையவழி விண்ணப்பம் என்றால் யார் இன்னும் அளிக்கவில்லை என்பது அமைப்புக்குத் தெரியும். அவர்களுக்கு மட்டும், அவர்கள் பெயரிட்டு, என்ன குறைகிறது என்று சொல்லி அனுப்பினால் அது நச்சரிப்பாகத் தோன்றாது. அனுப்பும் நேரத்தையும் பாருங்கள். இன்று மாலை முடிகிறது என்று இன்று காலையில் சொல்வதால், கையொப்பம் வாங்க வேண்டியவருக்கு எந்தப் பயனும் இல்லை.

மறுமொழி: தேர்வுப் பிரிவில் இருந்தவர்

காலநீட்டிப்பைப் பற்றி ஒரு சொல். மூன்று பருவம் தொடர்ந்து நீட்டித்தால், நான்காம் பருவத்தில் முதல் தேதியை யாரும் தேதியாகவே மதிக்கமாட்டார்கள். உரிய நாளில் ஓடிவந்து கட்டியவர்தான் ஏமாந்தவர் போல நிற்பார். மின்தடை, வழங்கிக் (சர்வர்) கோளாறு, வெள்ளம் போன்ற காரணம் இருந்தால் நீட்டியுங்கள், அந்தக் காரணத்தையும் எழுதுங்கள். நீட்டிப்பு அறிவிப்பில் பழைய தேதி, புதிய தேதி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், ஏற்கனவே அளித்தவர்கள் மீண்டும் அளிக்கத் தேவையில்லை என்ற வரியும் இருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாததால் முகப்பில் நிற்கும் வரிசையை நான் பார்த்திருக்கிறேன்.

இணையவழிக் கெடுவை இரவு 11:59க்கு வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. கட்டணம் பிடிக்கப்பட்டு ரசீது வராமல் நின்றால் அந்நேரத்தில் கேட்க ஆளில்லை. வேலைநாள் மாலை 4 மணி என்று வைத்தால் உதவிக்கு ஒருவராவது இருப்பார்.

மறுமொழி: முதுகலை இரண்டாமாண்டு

அதில் மட்டும் மாறுபடுகிறேன், ஐயா. பகலில் வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவர்களுக்கு மாலை 4 மணி என்பது முந்தின நாளே முடிந்துவிட்டது போலத்தான். இரவு 11:59 அப்படியே இருக்கட்டும். மாலை 5 மணிக்குப் பிறகு தொழில்நுட்ப உதவி கிடைக்காது என்பதையும், கட்டணம் பிடிக்கப்பட்டு ரசீது வராவிட்டால் மறுநாள் எந்த அறையில், எந்தச் சான்றுடன் வந்து பார்க்க வேண்டும் என்பதையும் அறிவிப்பிலேயே எழுதிவிட்டால் இரு தரப்புக்கும் போதும்.